பயோனியர் ரிசீவரின் வளைந்த முன்தகடு: கழற்றியதும் நிமிர்த்தியதும்

ஜூன் முதல் வாரம் கடைசி நாபையும் மாட்டிவிட்டு, ஸ்டீல் ஸ்கேலை முன்தகட்டின் மேல் குறுக்கே வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கீழ் மூலையில் மட்டும் நூலிழை மாதிரி வெளிச்சம் கசிந்தது. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் போட்டால் 0.3 மி.மீ. மூன்று வாரம் முன்னால் அதே இடத்தில் 9 மி.மீ இடைவெளி இருந்தது. இந்தத் தகடு இனி நேராகாது என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். இடையில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெட்டி பயோனியர் எஸ்எக்ஸ்-450, ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாகச் சேர்ந்த ரிசீவர். சேனலுக்கு 15 வாட், வெள்ளி முகம், மர நிற உறை. 1970களின் பிற்பாதியில் வந்த வரிசை. மாமா மஸ்கட்டில் வேலை பார்த்தபோது அங்கேயே ஒருத்தரிடம் பழசாக வாங்கி, 1981-ல் ஊருக்குக் கொண்டுவந்தது. வீரவநல்லூர் வீட்டில் நடுக்கூடத்து அலமாரியில் நாற்பது வருஷம் இருந்தது. டயல் கண்ணாடிக்குக் கீழே, ஏ.எம் எண்கள் வரிசையில் 1200-க்குச் சற்று இடது பக்கம், பென்சிலால் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸுக்கு மாமா போட்ட அடையாளம். தகட்டைத் துடைக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டேன்.

மாமா பெட்டியை எனக்குத் தந்தார். வீட்டுச் சாமான்களோடு குட்டியானையில் ஏற்றி பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தோம். ஜமக்காளத்தில் சுற்றி, கயிறு கட்டி, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் செருகியிருந்தேன். பத்தமடை தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. பெட்டி சரிந்து கட்டில் சட்டத்தின் மேல் இடது மூலை குத்தி விழுந்தது. கயிறு கட்டியது நான்தான். மெத்தைக்கு நடுவில் வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். பவர் சுவிட்சும் ஹெட்போன் துளையும் இருக்கிற இடது பக்கம், ஓரத்திலிருந்து சுமார் 75 மி.மீ தூரத்தில் மடங்கி உள்ளே போயிருந்தது. மடிப்பு சரியாக ஹெட்போன் துளை வழியாக ஓடியது. அதில் ஆச்சரியம் இல்லை. துளை இருக்கிற இடத்தில் தகடு குறைவு, வளைய வேண்டும் என்றால் அங்கேதான் முதலில் வளையும். வெர்னியர் வைத்தால் தகட்டின் கனம் 3 மி.மீ. அலுமினியம், மேலே கிடைமட்டமாகத் தேய்த்த கோடுகள், அதற்கு மேல் அனோடைஸ் பூச்சு (மின்சாரம் பாய்ச்சி உண்டாக்கும் ஆக்சைடு படலம்), அதற்கும் மேல் ஸ்கிரீன் பிரிண்ட் எழுத்து. இந்த மூன்றும்தான் வேலையைக் கடினமாக்கின. தகட்டை நிமிர்த்தலாம். ஆனால் அனோடைஸ் பூச்சு கண்ணாடி மாதிரி, கடினம் ஆனால் வளையாது. எழுத்தோ நகம் பட்டாலே போய்விடும்.

கழற்றும் வேலையில் அரை நாள் போனது. பிளக்கைப் பிடுங்கியபின் மேல் மூடியைத் திறந்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் இரண்டிலும் மல்டிமீட்டர் வைத்தேன். மிச்சம் இருந்த மின்னேற்றத்தை 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, 1 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் கையை உள்ளே விட்டேன். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் பண்ணுகிறவர்கள் உண்டு. நாற்பத்தைந்து வருஷப் பெட்டியில் அது வேண்டாம்.

நாப்கள் நேராக இழுத்தால் வருகிற வகை. ஆனால் பல வருஷ அழுக்கில் பிடித்துப்போயிருந்தன. ட்ரெபிள் நாபை முதலில் ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். நாப் வந்தது, ஆனால் அதற்குக் கீழே தகட்டில் நெல்மணி அளவுக்கு ஒரு தடம் விழுந்தது. நாபை மாட்டினால் மறைந்துவிடும் என்றாலும், அது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மற்ற நாப்களுக்குப் பழைய வேட்டியின் கரையை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, நாபுக்குப் பின்னால் ஒரு சுற்று சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுத்தேன். ஒவ்வொன்றும் 'டப்' என்று கையோடு வந்தது. வேட்டிக் கரை நெருக்கமாக நெய்தது, கிழியாது, தகட்டையும் உரசாது. இனிமேல் இதற்கு வேறு கருவி தேடப்போவதில்லை.

நாப்களுக்குக் கீழே வால்யூம், டோன் கண்ட்ரோல்களின் நட்டுகள். ரிங் ஸ்பேனர் வழுக்கித் தகட்டில் கோடு போடும் என்பதால் 110 ரூபாய்க்கு ஒரு பாக்ஸ் ஸ்பேனர் வாங்கி, வாயைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டேன். ஹெட்போன் ஜாக்கின் நட் வட்டமானது, எதிரெதிராக இரண்டு வெட்டு மட்டும். அதை ஊசிமூக்குக் குறடால் பிடித்துத் திருகினேன், மெதுவாக. பிறகு தகட்டை மேலும் கீழும் பிடித்திருந்த திருகாணிகள். எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டையில் பெட்டியின் முகத்தை வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தேன்.

தகட்டை முன்னால் இழுக்கும்போது கவனிக்க வேண்டியது டயல் நூல். அது ட்யூனிங் தண்டிலிருந்து கப்பிகளைச் சுற்றி முள்ளைப் பிடித்திருக்கிறது. விரல் பட்டு ஒரு கப்பியிலிருந்து இறங்கினால், திரும்பச் சுற்ற அரை நாள். தகடு வெளியே வந்ததும் டயல் முள்ளை நூலோடு சேர்த்து ஒரு துண்டு டேப்பால் சட்டத்தில் ஒட்டிவிட்டேன்.

அப்போதுதான் தெரிந்தது, பின்னால் இருக்கிற இரும்புச் சட்டமும் 2 மி.மீ உள்ளே போயிருந்தது. இதை விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் நிமிர்த்தி மாட்டினால், திருகாணியை முறுக்க முறுக்கத் தகடு மறுபடி சட்டத்தோடு போய் வளையும். சட்டத்தை ஒரு சி-கிளாம்ப்பும் கட்டையும் வைத்து ஐந்து நிமிடத்தில் இழுத்துவிட்டேன். மெல்லிய இரும்பு, பெயின்ட் போனாலும் வெளியே தெரியாது.

இனி தகடு.

முதல் நாள் செய்தது தவறு. தரையில் போர்வையை நான்காக மடித்துப் போட்டு, தகட்டைக் குப்புறக் கவிழ்த்து, தூக்கிக்கொண்டு நின்ற பின்பக்கத்தில் புளியமரக் கொட்டாப்புளியால் தட்டினேன். பத்துப் பன்னிரண்டு தட்டு. மூலை கொஞ்சம் இறங்கியது போலத் தெரிந்தது. சமையலறை கிரானைட் மேடையில் வைத்துப் பார்த்தால், மடிப்பு அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் அரை மி.மீ உயரத்தில் புதிதாக ஒரு புடைப்பு. அமுக்கினால் உள்ளே போனது, விட்டால் வெளியே வந்தது. நான் அடித்த அடியில் தகடு அங்கே நீண்டுவிட்டது. நீண்ட தகட்டுக்குப் போக இடம் இல்லை, அதனால் புடைக்கிறது. அன்று ராத்திரி தூங்கவில்லை.

மறுநாள் டவுனுக்குப் போனேன். ரதவீதியை ஒட்டிய ஒரு சந்தில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுக்கிற அண்ணாச்சி ஒருத்தர் இருக்கிறார். கல்யாண அண்டா, பானை, குத்துவிளக்கு எல்லாம் அவர் கைக்கு வரும். தகட்டை வேட்டியில் சுற்றிக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தேன். வாசலுக்குக் கொண்டுவந்து, கண் மட்டத்தில் வைத்து, வெயிலில் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

"யாரு இதப் போட்டு அடிச்சது?"

"நாந்தான் அண்ணாச்சி."

"பாத்திரம்னா அடிக்கலாம். அது உருண்டையா இருக்கும், போன எடத்துக்கு வந்துரும். இது பலக. அடிச்சா பரவும். இத அமுக்கித்தான் எடுக்கணும், பாத்துக்கிடுங்க."

"வைஸ்ல வச்சா வருமா அண்ணாச்சி?"

"வரும். ஆனா தகடு ரோசக்காரப் பய. நேரா வந்துட்டான்னு விட்டீயன்னா பழைய எடத்துக்கே போயிருவான். நேரத் தாண்டிப் போவணும். எவ்வளவு தாண்டணும்னு அவன்கிட்டயே கேட்டுக்கிடுங்க. ஓட்டைக்குள்ள ஒரு கட்டைய இறுக்கி வையுங்க, இல்லன்னா ஓட்ட கோழிமுட்டையாயிரும்."

சூடு காட்டலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "எழுத்து கெடக்கு பாருங்க." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அலுமினியத்தை இளக்கும் அளவுக்குச் சூடு காட்டினால் எழுத்து கருகும், பூச்சின் நிறம் மாறும், தகடும் மெத்தென்று ஆகிவிடும். குளிர்ந்த நிலையில்தான் செய்ய வேண்டும். அதே சமயம், வளைந்த இடம் ஏற்கெனவே இறுகியிருக்கும். அங்கேயே முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் விரிசல் விடும். ஒரே திசையில், எண்ணிச் சில தடவைதான் அமுக்க முடியும். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

வீரவநல்லூரில் பக்கத்து வீட்டில் ஒரு பழைய கைத்தறியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு தேக்குச் சட்டம் கேட்டு வாங்கிவந்தேன். நெசவுத் தறியில் பல வருஷம் நின்ற மரம், இனி சுருங்காது, முறுக்காது. ஆசாரியிடம் கொடுத்து இரண்டு முகம் இழைத்து மூன்று துண்டாக வெட்ட 80 ரூபாய். இரண்டு துண்டு அடியில் தாங்க, 90 மி.மீ இடைவெளியில். மூன்றாவது துண்டின் விளிம்பை உளியால் வட்டமாக்கி, மேலிருந்து மடிப்பின் மேல் அமுக்க. இரண்டு 6 இஞ்சு சி-கிளாம்ப், 680 ரூபாய். சமதளம் பார்க்கக் கண்ணாடிக் கடையில் 8 மி.மீ கனத்தில் ஒரு கழிவுத் துண்டு, 150 ரூபாய். கிரானைட் மேடையை விடக் கண்ணாடி நம்பகமானது, தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டவும் முடியும். ஃபீலர் கேஜை பைக் மெக்கானிக் ஒருத்தரிடம் இரவல் வாங்கினேன்.

தகட்டின் முகம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, அதற்கு மேல் சைக்கிள் டியூபை அறுத்து விரித்துப் போட்டேன். ஹெட்போன் துளைக்குள் பூவரசங் கட்டையைச் சீவி, கையால் தட்டி இறுக்கும் அளவுக்கு ஓர் ஆப்பு.

அமுக்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்தேன். மூலை எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே கணக்கு. முதல் தடவை 9-லிருந்து 5 வரை அமுக்கினேன். விட்டதும் 9-க்கே திரும்பியது. துளிகூட மாறவில்லை. இரண்டாவது தடவை பூஜ்யம் வரை, ஸ்கேலில் நேராகத் தெரிகிற வரை. விட்டதும் 4.5-ல் நின்றது. அண்ணாச்சி சொன்ன "அவன்கிட்டயே கேட்டுக்கிடுங்க" இதுதான் என்று அப்போது புரிந்தது. எவ்வளவு அமுக்கினாலும் இந்தத் தகடு, இந்த இடைவெளியில், நாலரை மி.மீ திரும்பி வரும். அப்படியானால் நேர்க்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நாலரை போக வேண்டும்.

ஒரே மூச்சில் போக மனசு வரவில்லை. மூன்றாவது தடவை 3 மி.மீ தாண்டினேன், 1.5-ல் நின்றது. கிளாம்ப்பை அப்படியே இறுக்கி ஓர் இரவு முழுக்க விட்டால் குறையுமா என்றும் பார்த்தேன். காலையில் திறந்தால் அதே 1.5. நேரம் இதற்கு உதவாது, தூரம்தான் உதவும். நாலாவது தடவை 4.2 தாண்டியது. கிளாம்ப் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினேன். கடைசிக் கால் சுற்றில் மெல்லிய 'சிர்' என்று ஒரு சத்தம், காகிதத்தைக் கிள்ளுகிற மாதிரி. கை அப்படியே நின்றுவிட்டது. விட்டு அளந்தால் 0.3. அந்தச் சத்தம் அனோடைஸ் பூச்சினுடையது என்று டேப்பை எடுத்தபோது தெரிந்தது. ஹெட்போன் துளையின் மேல் விளிம்பிலிருந்து அரை இஞ்சு நீளத்துக்கு நாலைந்து மயிரிழை விரிசல். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரிகிறது. அடியில் உலோகம் நன்றாகவே இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து இரண்டு பக்கமும் பார்த்தேன். அந்த 0.3-ஐ எடுக்க இன்னொரு தடவை அமுக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். வேண்டாம் என்று நிறுத்தியது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கண்ணாடியின் மேல் வைத்தால் தகடு ஆடியது. எதிரெதிர் மூலைகள் இரண்டும் 0.6 மி.மீ தூக்கியிருந்தன. நேரானாலும் முறுக்கு மிச்சம். ஒரு முனையை இரண்டு கட்டைகளுக்கு நடுவே மேசையோடு இறுக்கி, மறுமுனையை அதேபோல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே பிடித்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங் மாதிரித் திருப்பினேன். மூன்றாவது திருப்பில் ஆட்டம் நின்றது. நான் அடித்து உண்டாக்கிய புடைப்பு முழுதாகப் போகவில்லை. அது பவர் சுவிட்சுக்கும் ஓரத்துக்கும் நடுவில், பின்னால் சட்டம் தாங்குகிற இடத்தில் இருந்ததால், திருகாணி இறுகியதும் அமர்ந்துவிட்டது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது டேப். அக்னி நட்சத்திர வெயிலில், மொட்டைமாடி அறையில், மூன்று நாள் அப்படியே ஒட்டியிருந்தது. பசை இளகித் தகட்டோடு சேர்ந்துவிட்டது. உரித்தபோது 'ஃபோன்ஸ்' என்ற ஆங்கில எழுத்துகளில் கடைசி எழுத்தின் கீழ்ப்பாதி டேப்போடு வந்தது. டேப்பின் பின்பக்கத்தில் அந்தக் குட்டி வளைவு கறுப்பாக ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மீதி டேப்பை ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கி, தகட்டோடு படிகிற கோணத்தில் மடக்கி மடக்கி உரித்தேன். வேறு எதுவும் போகவில்லை. பசைக் கறையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து எடுத்தேன், எழுத்துகளைத் தொடாமல். தின்னர் வைத்திருந்தால் மொத்த எழுத்தும் போயிருக்கும். போன பாதி எழுத்தைப் பிரஷ்ஷால் வரைந்து பார்க்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வரையவில்லை. கையால் வரைந்தது கையால் வரைந்தது மாதிரித்தான் தெரியும்.

இடித்த மூலையில் உலோகம் கொஞ்சம் பிதுங்கியிருந்தது. அதை மட்டும் நைஸ் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, 800 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தேன். முகத்தில் தாளே வைக்கவில்லை. அந்தக் கிடைமட்டக் கோடுகளை வீட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது, அனோடைஸையும் முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் கோடுகளின் போக்கிலேயே துடைத்ததோடு சரி.

மாட்டும்போது எல்லாத் திருகாணிகளையும் முதலில் தொங்கலாகப் போட்டு, நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறி முறுக்கினேன். முதல் மின்சாரம் 60 வாட் சீரிஸ் பல்பு வழியாக; உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு எரிந்துகொண்டே இருந்து மின்சாரத்தை மட்டுப்படுத்தும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. பின்பக்க வோல்டேஜ் தேர்வு 240-ல் இருக்கிறதா என்று முன்பே பார்த்திருந்தேன். ஸ்பீக்கர் இரண்டிலும் சத்தம் சரி. ஹெட்போனில் வலது பக்கம் வரவில்லை. ஜாக் மேல் விழுந்த இடியில் அதன் இரண்டு கால்களில் சால்டர் வட்டமாக விரிசல் விட்டிருந்தது. மறுபடி நாப்களைக் கழற்றி, தகட்டை எடுத்து, சால்டர் வைத்து, எல்லாவற்றையும் மாட்ட வேண்டி வந்தது. தகடு வெளியே இருந்தபோதே ஜாக்கை ஆட்டிப் பார்த்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம்.

முதலில் போட்டது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். மாமா வீட்டில் இந்தப் பெட்டியில் நான் சின்ன வயதில் கேட்டது அதுதான்.

டேப் 70, ஆல்கஹால் 160 சேர்த்து மொத்தச் செலவு 1,250 ரூபாய். அதில் பாதிக்கு மேல் கிளாம்ப்புகள், அவை இன்னும் பல வேலைக்கு வரும். அடுத்த தடவை என்றால் கொட்டாப்புளியைத் தொடமாட்டேன். டேப்புக்கு அடியில், எழுத்து இருக்கிற இடங்களில் பட்டர் பேப்பரை வைத்து, அதற்கு வெளியேதான் பசை படும்படி ஒட்டுவேன், அன்றன்றைக்கு வேலை முடிந்ததும் எடுத்துவிடுவேன். அமுக்கும் கட்டையின் வட்டத்தை இன்னும் பெரிதாக்குவேன். என்னுடையது கூராக இருந்ததால்தான் வளைவு ஒரே கோட்டில் குவிந்து பூச்சு வெடித்தது என்று நினைக்கிறேன். அகலமாக அமுக்கியிருந்தால் அந்த விரிசல்களில் பாதியாவது வந்திருக்காது.

ஆகஸ்டில் மாமா வந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோய், விரலால் ஓரத்தை ஒரு தடவை தடவினார். "அந்த எஸ்ஸு என்னலே பாதியா நிக்கி?" என்று அதைத்தான் முதலில் கேட்டார். டேப் கதையைச் சொன்னேன். அவர் போன பிறகு ஸ்கேலும் ஃபீலர் கேஜும் எடுத்து மறுபடி அளந்தேன். இரண்டு மாதச் சூட்டுக்கும் சாரலுக்கும் பிறகு அதே 0.3.